மதிலுக்கு அப்பால் எறிந்தவை



நவம்பர் 2-ஆம் நாள் நெருங்கும்போது நம் ஊர்களில் தவறாமல் நடைபெறும் பணி ஒன்று உண்டு. ஆண்டு முழுவதும் எவரும் எட்டிப் பாராத கல்லறைத் தோட்டத்திற்கு, அக்டோபர் கடைசி வாரத்தில் திடீரென்று ஆள் நடமாட்டம் வந்துவிடும். அரிவாளும் மண்வெட்டியும் ஏந்தி இளைஞர் வருவர். சுண்ணாம்பு வாளியோடு குடும்பத் தலைவர்கள் வருவர். தாய்மார்கள் தத்தம் பெற்றோர் துயிலும் இடத்தைத் தேடிப்பிடித்து, அதன்மேல் மண்டிக்கிடக்கும் செடிகொடிகளை வெறுங்கையாலேயே பிடுங்கத் தொடங்குவர். இரண்டே நாட்களில் தோட்டம் துலங்கிவிடும். மெழுகுவர்த்தி ஏற்ற இடம் பிறந்துவிடும்.

பிடுங்கியவை என்ன ஆயின? குருப்பட்டம் பெற்ற நாள் முதல் ஏறத்தாழ 20 ஆண்டுகள் இக்கேள்வியை நான் ஒருமுறையேனும் கேட்டதில்லை. என்னைக் கேட்க வைத்தவர் ஒரு மூதாட்டி.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பங்கில், கல்லறைத் தோட்டத்தின் மதிலை ஒட்டி ஒரு வாய்க்கால் ஓடியது. அதன் கீழ்ப்புறம் இரண்டு தெருக்கள். அங்கு வாழ்ந்தோர் யாவரும் அன்றாடக் கூலிக்குச் செல்பவர்கள். அவ்வாண்டுத் துப்புரவுப் பணியில் மூன்று வகைச் செடிகள் மலைபோல் குவிந்தன. வேலிக்கென எவரோ எப்போதோ நட்டு, பின் தோட்டத்திற்குள்ளேயே புகுந்துவிட்ட நெய்வேலிக் காட்டாமணக்கு முதலாவது. கல்லறைகளைச் சுற்றிப் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் இருக்கட்டும் என்று நாற்றுப்பண்ணையிலிருந்து வாங்கி வைத்த மஞ்சள் பூப் படர்செடி இரண்டாவது. வெடேலியா என்று பண்ணைக்காரர்கள் சொல்வார்கள். கெபியின் முன் இருந்த சிமெண்டுத் தொட்டியில் அழகுக்காக மிதக்க விட்டு, பின் தொட்டியே தெரியாதபடி நிறைந்துவிட்ட ஆகாயத் தாமரை மூன்றாவது.

“இதையெல்லாம் எங்கே போடுவது, சாமி?” என்று இளைஞர்கள் கேட்டனர். பூசைக்கு நேரமாகிவிட்டது. நான் நின்று எண்ணிப் பார்க்கவில்லை. “மதிலுக்கு அப்பால் போட்டுவிடுங்கள்” என்றேன். மூன்றே சொற்கள்.

மறு ஆண்டு வடகிழக்குப் பருவமழை கொட்டியபோது வாய்க்கால் நீரை ஏற்கவில்லை. ஒரே இரவில் அவ்விரு தெருக்களிலும் வெள்ளம் புகுந்தது. குழந்தைகளையும் ஆடுகளையும் தூக்கிக்கொண்டு மக்கள் நம் பள்ளித் தாழ்வாரத்தில் வந்து தங்கினார்கள். உயிருக்குச் சேதமில்லை. ஆயினும் பானையில் இருந்த அரிசியும், பிள்ளைகளின் பாடநூல்களும், ஒரு வீட்டில் பத்திரப்படுத்தி வைத்திருந்த திருமணப் பட்டும் பாழாயின. மறுநாள் காலையில் அந்த மூதாட்டி என்னிடம் வந்து, “சாமி, கல்லறைத் தோட்டத்திலே இருந்த பூவெல்லாம் இப்போ எங்க வாய்க்காலிலே பூத்திருக்கு. யாருங்க சாமி நட்டது?” என்று கேட்டார்.

எனக்கு விடை தெரியும். ஆனால் சொல்லவில்லை. “ஆள் வைத்துச் சுத்தம் செய்யச் சொல்கிறேன், பாட்டி” என்று மட்டும் கூறி அனுப்பினேன். பிறர் குற்றங்களைக் கேட்கும் நாற்காலியில் அமர்ந்து பழகியவனுக்குத் தன் குற்றத்தைச் சொல்ல நா எழவில்லை. அந்த வெட்கமே என்னைப் படிக்கவும், அறிந்தவர்களிடம் கேட்கவும் தூண்டியது. அவ்வாறு அறிந்தவற்றையே இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அழகுக்காக வந்தவை

இச்செடிகளின் வரலாற்றைப் பார்த்தால், நான் செய்த பிழை புதிதன்று என்பது விளங்கும். ஆகாயத் தாமரை என நாம் அழைக்கும் ஊதாப்பூச் செடியின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகை. (அப்பெயர் பழைய நூல்களில் வேறொரு மிதக்கும் செடிக்கு உரியது, இதன் இலைக்காம்பு வெங்காயம்போல் பருத்திருப்பதால் வெங்காயத் தாமரை என்பதே இதற்குப் பொருந்தும்.) பூவின் அழகில் மயங்கியோர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதனை வங்காளத்திற்குக் கொணர்ந்தனர். சில பத்தாண்டுகளில் ஆறுகளில் படகு செல்ல இயலாமல், நெல் வயல்கள் மூடுண்டு போயின. இதனை ஒழிப்பதற்கென்றே 1936-இல் அம்மாகாணம் தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

உன்னிச்செடியின் கதையும் அதுவே. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரத் தோட்டத்திற்கு வேலிச்செடியாகவும் பூச்செடியாகவும் வந்தது. இன்று முதுமலைக் காடு உட்பட நம் மலைச்சரிவுகள் பலவற்றில் மான் மேயும் புல்லை மூடி வளர்ந்து நிற்கிறது. விறகுக்கென்று 1877-இல் கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேலம் நம் கண்மாய்களில் செய்திருப்பதை நான் எழுதத் தேவையில்லை. இத்தகைய அயற்செடிகளை அகற்றி நிலத்தை மீட்பதற்கென்றே 2022-இல் தமிழக அரசு தனிக் கொள்கை ஒன்றை வெளியிட்டது.

ஒன்று கவனிக்கத்தக்கது. தோட்டத்தில் இருந்தவரை இவற்றுள் பல கெடுதல் செய்யவில்லை. வேண்டாமென்று தூக்கி எறியப்பட்ட நாளிலிருந்தே ஊரைப் பிடித்தன. ஆகவே வளர்ப்பதைவிடக் கழிப்பதிலேதான் மிகுந்த கவனம் வேண்டும்.

எவ்வாறு பரவுகிறது என்று முதலில் அறிக

குருமடத்தில் எங்கள் ஆசிரியர், எப்பொருளையும் வகைப்படுத்திய பின்னரே பேசத் தொடங்க வேண்டும் என்பார். இங்கும் அது பயன்படுகிறது. செடிகள் பரவும் வழிகள் முக்கியமாக மூன்று: விதையால் பரவுவது, தண்டின் துண்டால் பரவுவது, மண்ணுள் எஞ்சும் வேர்க்கட்டையால் மீண்டும் துளிர்ப்பது. சில செடிகளுக்கு ஒரு வழி. சிலவற்றுக்கு இரண்டு வழி. எந்தச் செடி எவ்வழியால் பரவுகிறதோ அவ்வழியை அடைப்பதே அதனைக் கழிக்கும் முறை.

பார்த்தீனியம் விதையால் பரவுவது. 1950-களின் நடுவில் புனே நகரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இக்களை இன்று நம் கல்லறைத் தோட்டங்களிலும் பள்ளி மைதானங்களிலும் வெண்பூவோடு நிற்கிறது. ஒரே செடி 15,000-க்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்கவல்லது. ஆதலால் பூக்கும் முன்பே, மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்குவதே தக்கது. பூத்தபின் பிடுங்கி இழுத்துச் சென்றால் வழியெல்லாம் விதைத்துக்கொண்டு செல்கிறோம் என்று பொருள். தோலில் கடும் அரிப்பையும் புண்ணையும், சிலருக்கு இழுப்பையும் உண்டாக்கும் செடி இது. எனவே கையுறையும், முழுக்கைச் சட்டையும், மூக்கை மூடிய துணியும் இன்றி எவரையும் இப்பணிக்கு அனுப்பாதீர்கள். முன்பே தோல் நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் விலகியிருப்பது நன்று.

நெய்வேலிக் காட்டாமணக்கு துண்டால் பரவுவது. வெட்டிய தண்டு ஈரமண்ணில் விழுந்தால் கணுவிலிருந்து வேர் விடும். ஒரு செடியை வெட்டி வாய்க்காலில் வீசினால், நீர் தேங்கும் இடங்களிலெல்லாம் புதுச் செடிகள் முளைக்கும். நான் செய்தது சரியாக இதுதான். வெடேலியாவும் அவ்வாறே, தரையில் படரும் ஒவ்வொரு கணுவும் ஒரு செடி. இவற்றை வெட்டும்போது துண்டுகள் சிதறாமல் தார்ப்பாயின்மேல் போட வேண்டும்; பணி முடிந்ததும் தரையைக் கூட்டிப் பொறுக்க வேண்டும்.

ஆகாயத் தாமரைக்கு இரண்டு வழியும் உண்டு. வெப்பமான நீரில் இரண்டு வாரத்திற்குள் இரு மடங்காகப் பெருகவல்லது. அதன் விதைகளோ 15 ஆண்டுகளுக்கு மேலும் சேற்றில் உயிரோடு கிடக்கக்கூடியவை. நீரிலிருந்து எடுத்துக் கரையிலேயே குவித்து வைப்பதைப் பல ஊர்களில் காண்கிறேன். அடுத்த மழை அதை மீண்டும் நீருக்குள் தள்ளிவிடும். நீர்மட்டத்திற்கு எட்டாத மேட்டில் மெல்லியதாகப் பரப்பிக் காயவிடுவதே முறை. அதன் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெறும் நீரே ஆதலால், நல்ல வெயிலில் வண்டிப் பாரம் ஒரு சாக்கில் அடங்கும் அளவுக்குச் சுருங்கிவிடும்.

உன்னிச்செடி விதையாலும் வேர்க்கட்டையாலும் பரவுவது. மேலே வெட்டினால் கீழே இரட்டிப்பாகத் துளிர்க்கும். மண்மட்டத்திற்குச் சற்றுக் கீழே, தண்டும் வேரும் கூடும் இடத்தில் கொத்தி அறுத்து, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து வெயிலில் விட்டுவிடும் முறை நல்ல பயன் தருகிறது. கறுத்த பழங்கள் இருந்தால் முதலில் அவற்றைக் கொத்தோடு கிள்ளிப் பையில் சேர்த்துவிட வேண்டும். அன்றேல் மைனாவும் கொண்டைக்குருவியும் நமக்கு முன்னரே விதைத்துவிடும். காய்ந்த தண்டுகள் வீணல்ல. கூடலூர்ப் பகுதிப் பழங்குடி மக்கள் உன்னித் தண்டுகளால் உயிரளவு யானை உருவங்கள் செய்ய, 2021-இல் அவை லண்டன் மாநகரப் பூங்காக்களில் நிறுத்தப்பட்டன. ஆனால் பயன் இருக்கிறதே என்று எவரும் நட்டுவிட வேண்டாம்.

செய்யத் தகாதவை

முதலாவது, நீரில் எறிதல். இதன் விளைவை மேலே கூறிவிட்டேன். குப்பையைத் தெருவிலோ சாக்கடையிலோ நீர்நிலையிலோ எறிவதையும், பொது இடத்தில் எரிப்பதையும் 2016-இல் நடுவண் அரசு வெளியிட்ட திடக்கழிவு விதிகள் விலக்கின. தோட்டக் கழிவைத் தன் மனைக்குள்ளேயே தனியாகச் சேர்த்து வைத்து உள்ளாட்சி கூறும் முறைப்படி அகற்ற வேண்டும் என்றும் கூறின. மீன்தொட்டியில் வளர்த்த நீர்ச்செடிகளைக் குளத்தில் கொட்டுவதும் இவ்வகைப் பிழையே.

இரண்டாவது, பச்சையாக எரித்தல். பச்சைச் செடி எரியாது; புகையும். பார்த்தீனியக் குவியலின் புகை மூச்சுக்குழலை வருத்தும். கல்லறைத் தோட்டங்களில் நாம் நட்டிருக்கும் அரளியை வெட்டினால் அதனை இக்குவியலில் சேர்க்கவே கூடாது. அரளியின் எல்லாப் பகுதியும் நஞ்சு, அதன் புகையும் தீங்கானது. அடுப்பு மூட்ட அதன் குச்சியைப் பொறுக்கிச் செல்லவும் எவரையும் விடாதீர்கள்.

மூன்றாவது, எல்லாவற்றையும் எருக்குழியில் தள்ளுதல். எருக்குவியலின் உள்ளே 55 பாகை செல்சியசுக்கு மேல் சூடு பல நாட்கள் நிலைத்தால்தான் பெரும்பாலான விதைகள் சாகும். நம் வீட்டுக் குழிகள் பல அச்சூட்டை எட்டுவதில்லை. எட்டினாலும் ஓரத்தில் கிடக்கும் விதை பிழைத்துக்கொள்ளும். ஆகவே பூக்காத பார்த்தீனியமும், முற்றிலும் காய்ந்த தண்டும் எருவுக்கு ஆகும். விதை கண்டதும், உயிருள்ள கணுவும் ஆகா. சாக்கடை கலந்த நீரில் வளர்ந்த ஆகாயத் தாமரையைக் காய்கறிப் பாத்திக்கு எருவாக்குதலும் தவறு. நீரில் கலந்துள்ள ஈயம் போன்ற நச்சு உலோகங்களை அது உறிஞ்சி வைத்திருக்கும்.

நான்காவது, கால்நடைக்குப் போடுதல். பச்சையாக இருக்கிறதே, ஆடு தின்னட்டும் என்று அண்டை வீட்டாரிடம் கொடுத்துவிடுவோர் உண்டு. உன்னி இலை மாட்டின் ஈரலைக் கெடுத்து, வெயில் பட்ட தோலைப் புண்ணாக்கும். நெய்வேலிக் காட்டாமணக்கைத் தொடர்ந்து தின்ற ஆடு நரம்பு தளர்ந்து தள்ளாடும். ஓர் ஏழைக் குடும்பத்திற்கு ஆடு என்பது வங்கிக் கணக்கு என்பதை மறவாதீர்கள்.

உப்புக் கரைசல் தெளித்தால் பார்த்தீனியம் கருகும் என்பது உண்மையே. ஆனால் அவ்வுப்பு மண்ணில் தங்கி, நாளை நாம் நட விரும்பும் நல்ல செடியையும் வளரவிடாது. வீட்டுத் தோட்டத்திற்கு அது ஏற்றதன்று.

நாங்கள் கைக்கொண்ட முறை

அவ்வாண்டு மழை ஓய்ந்ததும் ஞாயிறு பூசை முடிவில் எழுந்து, மதிலுக்கு அப்பால் எறியச் சொன்னவன் நானே என்று மக்கள் முன் கூறினேன். பின்னர் அந்த மூதாட்டியின் வீட்டிற்கும் சென்று தனியாகச் சொன்னேன். அவர் சற்றும் வியப்படையவில்லை. “அது எனக்கு அன்னிக்கே தெரியும் சாமி. வாய்க்காலை எப்போ வெட்டப் போறீங்க?” என்றார்.

அடுத்த சனிக்கிழமையே தொடங்கினோம். வாய்க்கால் ஓரத்துத் தெருவாரும் நம் இளைஞரும் சேர்ந்து வெட்டினர். வெட்டியதைப் பள்ளியின் பின்புறமிருந்த பழைய சிமெண்டுத் தளத்தில், மண் படாமல், வேர்கள் வானத்தை நோக்க ஒரு சாண் உயரத்திற்கு மிகாமல் பரப்பினோம். இரண்டு நாட்களுக்கு ஒருமுறை புரட்டினோம். காய்ந்ததா என்பதை அறிய ஓர் எளிய சோதனை: தண்டை ஒடித்தால் சடக்கென்று முறிய வேண்டும், வளைந்தால் இன்னும் உயிர் இருக்கிறது. விதையும் பழமும் கொண்டவற்றைக் கறுப்புப் பிளாஸ்டிக் சாக்குகளில் இறுகக் கட்டி, அதே தளத்தில் ஒரு மாதத்திற்கு மேல் வெயிலில் வைத்தோம். பின்னர் மூன்றடி ஆழக் குழி தோண்டி, வாய்க்காலுக்குத் தொலைவான மேட்டில் புதைத்தோம். வண்டியில் ஏற்றியபோது தார்ப்பாயால் மூடிக் கட்டினோம். மண்வெட்டியும் செருப்பும் அவ்விடத்திலேயே மண் போகத் தட்டித் துடைத்த பின்னரே வெளியே சென்றன.

ஒரு முறையோடு முடியும் வேலை அன்று இது. முதல் மழைக்குப் பின் சென்று பார்த்தபோது, வெட்டிய இடத்திலெல்லாம் இளந்தளிர்கள் நின்றன. பார்த்தவர்கள் சோர்ந்து போயினர். எனினும் மாதம் ஒருமுறை பிடுங்கினோம். இரண்டாம் ஆண்டு பாதியாயிற்று. மூன்றாம் ஆண்டு மழைக்கு வாய்க்கால் நீரை ஏற்று ஓடியது. தெருவில் வெள்ளம் ஏறவில்லை. வெடேலியா மட்டும் நான் அப்பங்கை விட்டு மாற்றலாகும் வரையிலும் எங்கேனும் ஒரு மூலையில் மஞ்சளாகப் பூத்துக்கொண்டுதான் இருந்தது. அதனை முற்றிலும் வென்றோம் என்று நான் சொல்ல மாட்டேன்.

வெறுமையான இடம் வெறுமையாக இருக்காது. நாம் ஒன்றை நடாவிட்டால் களை தானே வந்துவிடும். ஆதலால் அகற்றிய இடத்தில் அருகம்புல்லும், வேலியோரத்தில் ஆடாதொடையும் நொச்சியும் நட்டோம். கெபியின் தொட்டியில் இப்போது நம் நாட்டு அல்லி இருக்கிறது.

இக்கட்டுரையை நான் அக்டோபரில் எழுதாமல் செப்டம்பரிலேயே எழுதுவதற்குக் காரணம் உண்டு. அக்டோபர் கடைசி வாரத்தில் வெட்டினால் மழை வந்துவிடும்; மழையில் எச்செடியும் காயாது; காயாத குவியலைக் கண்ட கை தானாகவே மதிலை நோக்கி நீளும். இப்போது வெயில் இருக்கிறது. இம்மாதமே கல்லறைத் தோட்டத்தையும், பள்ளி வளாகத்தையும், உங்கள் வீட்டுப் புறக்கடையையும் ஒருமுறை சுற்றி வாருங்கள். எந்தச் செடி, எவ்வழியால் பரவுவது என்று குறித்துக்கொள்ளுங்கள். காயவைக்கும் தளத்தை முதலில் தேர்ந்துகொண்டு, அதன் பின்னரே அரிவாளை எடுங்கள். பெரும் பரப்பாயின் வேளாண்மை அலுவலரையோ ஊராட்சியையோ கேட்டுச் செய்யுங்கள்.

எல்லாம் முடிந்து, இதையெல்லாம் எங்கே போடுவது என்று உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவன் கேட்பான். அவசரத்தில் விடை சொல்லாதீர்கள். மதிலுக்கு அப்பால் யார் வீடு இருக்கிறது என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.